முட்டைப் பூச்சுப் பின்சீட்டு

ரிப்பேர் வேலைக்குப் போகிறவன் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பொருள் சரியாகிவிட்டால் அதிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். சுத்தியலைப் பிடிக்க யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். கீழே வைக்கத்தான் பலருக்குத் தெரியாது. எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். (எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றுபோனால் முதலில் என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அதைத் தொடுவார்கள்.)

என் பெயர் சேவுகன். ஊர் காரைக்குடி. நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று வாத்தியார் சொல்லிக்கொண்டு திரிந்தார். எப்படியோ, இரண்டு தரப்பும் சந்தோஷமாகப் பிரிந்தோம். பிறகு ஆண்டிக் கொத்தனாரிடம் சுண்ணாம்பு அரைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். சுண்ணாம்பு அரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடம் எவ்வளவு நல்ல இடம் என்று.

அந்தச் சமயத்தில் பழனியப்ப அண்ணன் வீட்டில் புதுக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. அவர் செட்டியார் வீட்டுப் பிள்ளை, நான் அங்கே சுண்ணாம்பு அரைக்கிறவன். ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அவரும் திரும்பிப் பார்ப்பார். ரங்கூனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தார். தேக்கு வரும், கண்ணாடிச் சாமான் வரும் என்று வீடே வாசலில் நின்றால், வண்டியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை இறக்கினார். அவருடைய அப்பா, எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்போம், அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தீனி என்னடா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சுண்ணாம்புக் கையோடு ஓடிப்போய் நின்றேன். அப்படி ஓர் அழகை நான் பார்த்ததே இல்லை. கறுப்பு உடம்பு, வெள்ளிக் குழாய், ரெண்டு பக்கமும் மீசை மாதிரி கைப்பிடி. மறுநாள் அதைத் துடைக்கப் போனேன். அதற்கப்புறம் நகர்த்தப் போனேன். கொஞ்ச நாளில் நான்தான் அதை ஓட்டினேன். முதல் தடவை புளியமரத்தில் கொண்டுபோய் முட்டியபோது அண்ணன் என்னைத் திட்டவில்லை. மரத்தைப் பார்த்து, "இது ரொம்ப நாளா இங்கதான் நிக்குது சேவுகா, கவனிச்சுக்க" என்றார். அவர் அப்படிப்பட்ட மனுஷர். அவருக்குக் கோபம் வரும் இடத்தில் எல்லாம் ஏதாவது நல்ல வார்த்தை வந்துவிடும்.

வண்டியில் ஒரே ஒரு குறை. ஒருத்தர் உட்காரும் வண்டி. வெள்ளைக்காரன் தனியாகப் போய்த் தனியாக வருவான் போலிருக்கிறது. நம்மூரில் எவன் தனியாகப் போகிறான்? அதனால் அண்ணன் மதுரையிலிருந்து ஒரு பின்சீட்டைத் தனியாக வாங்கி வந்து மாட்டினார். பலகை, அதன் அடியில் நாலு ஸ்பிரிங், மேலே தேங்காய் நார் திணித்த தோல். கடைக்காரன், "யானையே உக்காரலாம்" என்று சொல்லியிருக்கிறான். யானை உட்காரவில்லை. அண்ணனுடைய தாய்மாமன், அந்த வீட்டு அம்மான், உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் 'மடக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு சீட்டு இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டது. அம்மானும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தபடியே வீடு வந்து சேர்ந்தார்.

இந்த நிலையில்தான் கண்டனூர்ச் செட்டியார், அதாவது பெண்ணுக்கு அப்பச்சி, கல்யாணப் பேச்சுக்காக வந்தார். முகப்பில் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது, நொண்டிக் கழுதை மாதிரி சாஞ்சுக்கிட்டு நிக்குது?"

"மோட்டார் சைக்கிள் மாமா. மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலயே வந்துறலாம்னு இருக்கேன்."

"குதிரைக்குச் சொல்லியாச்சு."

"குதிரையில எல்லாரும்தானே மாமா வாராக."

பெரியவர் வண்டியை இன்னொரு தடவை பார்த்தார். நான் அவசரமாகச் சாய்ந்த சீட்டைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். (கையை எடுத்தால் விழுந்துவிடும். அவர் போகிறவரை பிடித்துக்கொண்டே நின்றேன்.)

"சரி, வாங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கி இந்த வண்டியால ஏதாச்சும் கோளாறு வந்துச்சுன்னா, அத்தோட இதை விட்டுறணும். எம் மக வாழப்போற வீட்டுல இது நிக்கக் கூடாது."

"சரி மாமா."

"குதிரையும் பின்னாடியே வரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. வண்டி போனால் அவருக்குக் கார் வரும். எனக்கு மறுபடியும் சுண்ணாம்பு வரும்.

ஊர்வலத்தில் அண்ணன் உட்காரப்போவது பின்சீட்டில்தான்; அன்றைக்கே அதைக் கழற்றினேன். தையல் விட்டிருந்தது. நார் மக்கியிருந்தது. பலகை குறுக்கே வெடித்து, இடது பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. நான் செய்ததைச் சொல்கிறேன், இதில் மட்டும் நான் பெருமைப்படலாம். புதுக்கட்டு வேலையில் மிஞ்சின பர்மாத் தேக்கில் புதுப் பலகை அறுத்தேன். அதன் அடியில் இரண்டு இரும்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஆணி அடித்து மடக்கினேன். ஸ்பிரிங்கை நம்பாமல் நாலையும் எடுத்துவிட்டு, தேக்குக் கட்டைகளையே கால் மாதிரி கொடுத்து வண்டியோடு முறுக்கினேன். அம்மானைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சத்தமே இல்லை.

"கல்லு மாதிரி இருக்குடா," என்றார் இடுப்பைத் தடவிக்கொண்டு.

அந்த இடத்தில் ஒரு தோலைப் போட்டு மூடிவிட்டு நான் கையைக் கழுவியிருக்க வேண்டும். ஆனால் பழைய தோலைத் தைத்து மூடியபோது, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பழைய செருப்புப் போட்டது மாதிரி இருந்தது. அண்ணனுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் என் மனசு கஷ்டப்படுமே என்று, "பரவாயில்லடா, மேல நான்தானே உக்காரப்போறேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

அப்போதுதான் புதுக்கட்டின் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆண்டிக் கொத்தனார் சுவருக்குக் கடைசிப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் சுவரில் முகம் பார்க்கலாம். தொட்டால் கோடையிலும் குளுகுளு என்றிருக்கும். நூறு வருஷத்துக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. (மஞ்சள்கரு முழுவதும் வேலையாட்கள் வயிற்றுக்கு. அந்த வருஷம் நாங்கள் எல்லோருமே மெருகேறித்தான் இருந்தோம்.)

நூறு வருஷம் தாங்குகிற பூச்சு, ஒரு நாள் ஊர்வலத்தைத் தாங்காதா?

அண்ணனிடம் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "வீட்டுச் சுவரும் வண்டிச் சீட்டும் ஒரே மினுப்பா இருக்கும்டா. இது ரங்கூன்லயே கிடையாதே," என்றார். இரண்டு முட்டாள்கள் ஒரே நேரத்தில் ஒரே யோசனையை ரசித்தால் அதைத் தடுக்க உலகத்தில் ஆள் இல்லை.

தோலைப் பிரித்துவிட்டு, பலகையின் மேல் புது நாரைப் பரப்பி, சாக்குத்துணியை இழுத்து ஆணி அடித்து, அதன்மேல் பூச ஆரம்பித்தேன். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சு. கடைசியில் வெள்ளைக்கரு. பிறகு கூழாங்கல்லை எடுத்து உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வேலையை நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முடித்தபோது சந்தன நிறத்தில், நிலா மாதிரி மின்னியது. அண்ணன் குனிந்து அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"சேவுகா, நீ கொத்தனார் இல்லடா. சிற்பி."

என் ஆயுசில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. அந்த வார்த்தைக்காக நான் அவரையே முட்டைப் பூச்சு பூசி நிறுத்தியிருப்பேன்.

ஆண்டிக் கொத்தனார் வந்து பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார். விரல் சீட்டின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"பூச்சு நல்லாத்தான்டா விழுந்திருக்கு. ஆனா இந்தச் சுவத்துல இதுவரைக்கும் யாராச்சும் உக்காந்து பாத்திருக்கியா?"

"பல்லி உக்காருதுல்ல?"

"பல்லி பட்டு வேட்டி கட்டாதுடா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பழைய பருத்தி வேட்டி. வண்டியும் நிறுத்தின இடத்தில் நின்றது. ஒரு குறையும் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். கீறல் விழுந்துவிடும் என்று இரண்டு பேருமாக வேண்டாம் என்று முடிவு செய்தோம். கல்யாணத்தன்று கண்டனூருக்குக்கூட வண்டியை ஓட்டிப் போகவில்லை. ஜமுக்காளத்தால் போர்த்தி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் பார்த்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கண்டனூர்ப் பிள்ளையார் கோவிலிலிருந்து பெண் வீடு வரைக்கும் ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம், தவில். அடுத்து எங்கள் வண்டி. பின்னால், பெரியவர் சொன்னபடியே, வெள்ளைக் குதிரை. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒரு ராவுத்தர். ஜமுக்காளத்தை நான் விலக்கியதும் சீட்டைப் பார்த்தார். பிறகு தன் குதிரையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"தம்பி, அதுல என்ன பூசியிருக்கீக?"

"முட்டை."

"நம்ம குதிரைக்குக் கொள்ளு மட்டும்தான். அதுவும் உள்ளுக்குத்தான்," என்றார்.

அண்ணன் வந்தார். சரிகைத் தலைப்பாகை, மாலை, கெட்டியான பட்டு வேட்டி. மாப்பிள்ளை தானே ஓட்டி வந்தால் அது வேலை, உட்கார்ந்து வந்தால்தான் ஊர்வலம் என்பதால் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். மேளம் கொட்டியது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

வண்டி முன்னால் போனது. அண்ணன் பின்னால் போனார். என் சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியதில்தான் அவர் இன்னும் வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தது. பயந்து பிரேக்கைப் பிடித்தேன். அவர் வழுக்கிக்கொண்டு வந்து என் முதுகில் மோதினார். தலைப்பாகையின் குஞ்சம் என் காதுக்குள் நுழைந்தது.

"சேவுகா, மெதுவாப் போடா."

"மெதுவாத்தாண்ணே போறேன்."

"நான்தான்டா வேகமாப் போறேன்."

நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்துக்கு வண்டியை ஓட்ட முடியாது. கொஞ்சம் போகவேண்டும், கொஞ்சம் நிற்கவேண்டும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அண்ணன் முன்னால் குனிந்தார். கிளம்பும்போது பின்னால் நிமிர்ந்தார். இரண்டு பக்கமும் நின்ற ஜனங்களுக்கு அவர் குனிந்து குனிந்து கும்பிடுகிற மாதிரி தெரிந்தது.

"ரங்கூன்ல இருந்தவருன்னு சொன்னாக. பெருமையே இல்லாத புள்ளையா இருக்காரே," என்றாள் ஒரு ஆச்சி.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக் குனியுறாரு," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அண்ணன் என் காதருகே, "இடுப்பு போச்சுடா" என்றார். சொல்லிவிட்டு அந்த ஆச்சிகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாலும் லட்சணமாக இருந்தது.

பெண் வீடு தெரிந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு சின்ன ஏற்றம். ஏற்றத்தின் மேலே கண்டனூர்ச் செட்டியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவர் வீட்டு ஆச்சி, பெண்ணைப் பெற்ற ஆத்தா, கையில் ஆலாத்தித் தட்டு. சுற்றிலும் பெண்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரே ஏற்றம்தான், வண்டி நமக்குத்தான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் ஒரு வேகம் வந்தது. கடைசியில் சும்மா ஊர்ந்துபோய் நிற்பதா? ஒரு சிங்கம் மாதிரி போய் நிற்கவேண்டாமா?

கைப்பிடியை முறுக்கினேன்.

அதே நேரத்தில் அண்ணன், மாமனாரைப் பார்த்துவிட்டதால், என் சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பியிருக்கிறார்.

வண்டி பாய்ந்தது. அதற்குத் திடீரென்று ஓர் உற்சாகம் வந்த மாதிரி இருந்தது. என் ஓட்டும் திறமை என்று நினைத்தேன். புகையைக் கக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி, வாசல்படிக்கு முன்னால் கன கச்சிதமாக நிறுத்தினேன். புகை எல்லோரையும் மூடிக்கொண்டது. பெண்களுக்குக் கண் எரிச்சல். ஆனாலும் வண்டி வந்து நின்றால் ஆலாத்தி சுற்றவேண்டும் என்பது ஆச்சிக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை சுற்றினார். சிவப்புத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். விரல் சில்லென்றிருந்தது. எனக்கு என்னமோ மாதிரி வெட்கமாகிவிட்டது.

புகை விலகியது.

"நீ யாரு?" என்றார் ஆச்சி.

"ஓட்டுறவன் ஆச்சி."

"மாப்பிள்ளை எங்கப்பா?"

"பின்னாடி இருக்காக," என்று திரும்பிக் காட்டினேன்.

பின்சீட்டில் வானம் மட்டும் தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லாத, சுத்தமான நீல வானம்.

ஏற்றத்துக்குக் கீழே, தெரு நடுவில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். விழுந்தவர் மாதிரியே இல்லை. அங்கேயே பாய் விரித்து உட்கார்த்தி வைத்த மாதிரி சம்மணம் போட்டிருந்தார். தலைப்பாகை நேராக இருந்தது. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. அவருக்குப் பின்னால் வெள்ளைக் குதிரை நின்று, அவருடைய மாலையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் இதுவும் சடங்கில் சேர்த்திதான் என்று நினைத்து வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

ராவுத்தர் குனிந்தார். "ஏறிக்கிருங்க தம்பி. இது முதுகுல ரோமம் இருக்கு, வழுக்காது."

அண்ணன் குதிரையைப் பார்த்தார், ஏற்றத்தின் மேல் நின்ற வண்டியைப் பார்த்தார். ஏறினால் வண்டி கையை விட்டுப் போயிற்று. "இருக்கட்டும் ராவுத்தரே. இவ்வளவு தூரம் வந்தாச்சு," என்றார்.

கண்டனூர்ச் செட்டியார் இறங்கி வந்தார். நானும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை?"

"வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு மாமா. நான்தான் கொஞ்சம் பின்தங்கிட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளையை நடுத்தெருவுல இறக்கிவிட்டுட்டு வர்றது கோளாறுல சேராதோ?"

அண்ணன் திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் கோபம் இல்லை. 'போகட்டும்டா' என்கிற மாதிரிதான் இருந்தது. எனக்குச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

அப்போது மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"அப்பச்சி. ஆலாத்தி சுத்தியாச்சு."

வள்ளியம்மை ஆச்சி. கல்யாணப் பெண். தாலி ஏறுவதற்கு முன்னால் ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பேசினால் எங்கள் பக்கத்தில் ஊர் ஒரு மாசம் பேசும். அந்த மூன்றே வார்த்தையைச் சொல்லிவிட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. முகம்கூடத் தெரியவில்லை.

வாசலில் நின்ற அவருடைய ஆத்தாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கையிலிருந்த தட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஆமாங்கிறேன். சுத்திப் பொட்டும் வச்சாச்சு. ஆலாத்தி சுத்தி அழைச்சதை வாசலோட திருப்பி அனுப்புற வழக்கம் நம்ம வீட்டுல எந்தக் காலத்துல இருந்துச்சு?"

பெரியவர் என் நெற்றியைப் பார்த்தார்.

"இவனையும் சேத்தா?"

"இவனையும் சேத்துத்தான்."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு மாப்பிள்ளையின் கையை விடாமல், தானே ஏற்றத்தில் நடத்திக் கூட்டிப் போனார். குதிரையிலும் வராமல், மோட்டார் சைக்கிளிலும் வராமல், மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை கண்டனூரில் அவர் ஒருத்தர்தான். புதுத் தண்ணீர் கலக்கி அவருக்கும் ஆலாத்தி சுற்றினார்கள். இரண்டாவதாகத்தான்.

கல்யாணம் முடிந்து காரைக்குடிக்கு வந்ததும் வள்ளியம்மை ஆச்சி முதல் வேலையாக வண்டியைப் பார்க்க வந்தார். பின்சீட்டைத் தடவிப் பார்த்தார். "அழகாத்தான் பூசியிருக்க சேவுகா. உடைச்சு எடுத்துரு," என்றார். உளி வைத்து அடித்தேன். உளி மழுங்கியது. ஆண்டிக் கொத்தனார் வந்து அடித்தார், அவராலும் ஆகவில்லை. கடைசியில் பலகையோடு கழற்றிவிட்டோம். வேறு பலகைக்கு இரும்புப் பட்டை அடித்ததும், ஆச்சி தன் கையாலேயே கயிற்றைக் கட்டில் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இலவம்பஞ்சுத் திண்டை மேலே வைத்துக் கட்டிவிட்டார். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு வளையமும் போடச் சொன்னார். முடிந்ததும் நான் பழக்கதோஷத்தில் கூழாங்கல்லை எடுத்தேன்.

"கையை எடு," என்றார்.

எடுத்துவிட்டேன். அந்தச் சீட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அண்ணன் ஓட்ட, ஆச்சி அதில் உட்கார்ந்து கண்டனூருக்குப் போய் வருகிறார். ஒரு நாளும் பின்தங்கியதில்லை. என் முட்டைப் பூச்சுச் சீட்டு அடுப்பங்கரையில் அப்பளம் தேய்க்க உதவுகிறது. ஒட்டவே ஒட்டாதாம்.

அண்ணன் வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து யாராவது, "வண்டி மட்டும் வந்திருக்கா, மாப்பிள்ளையும் வந்திருக்காரா, பாத்துட்டுச் சுத்துங்க" என்று குரல் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கும் பெண் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் அமையவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போதெல்லாம் வள்ளியம்மை ஆச்சி சொல்வார்: "உனக்கென்னப்பா கவலை. ஆலாத்தி அன்னைக்கே சுத்தியாச்சு. பொண்ணு ஒண்ணுதான் பாக்கி."